நாற்பத்தேழு நாள் பிறக்காத குட்டி

மெட்டில்டா பதினோரு வருஷம் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில் வேலை பார்த்தவள். பிறந்தால் எழுதுவது, இறந்தால் எழுதுவது, இரண்டுக்கும் நடுவில் நடப்பதைப் பற்றிக் கேள்வி கேட்காமல் இருப்பது, இவ்வளவுதான் அங்கே தொழில். இல்லாததை எழுதியதில்லை, இருப்பதை எழுதாமல் விட்டதில்லை என்று அவளுக்குள் ஒரு சின்ன கர்வம் உண்டு. அந்தக் கர்வத்துக்கு ஆபத்து வேங்கைமேடு வன உயிரினப் பூங்கா வடிவத்தில் வந்தது. விலங்கு இருப்புப் பிரிவுக்கு 'பிறப்பு இறப்பில் அனுபவம் உள்ள ஒருவர்' தேவை என்று அந்தப் பூங்கா கேட்டிருந்ததாம். அயற்பணி உத்தரவு கைக்கு வந்துவிட்டது.

"மனுஷனுக்குப் பதிலா மிருகம். பேர்ல எழுத்துப்பிழைன்னு எதுவும் உன்கிட்ட வந்து சண்டை போடாது" என்றார் கணவர் ஜீவரத்தினம். சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் கூட்டிக் கழித்து நிம்மதி அடைந்துவிடக் கூடியவர்.

தாம்பரத்தில் பஸ் ஏறி, ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கி, ஏரிக்கரை ஓரமாகக் கால் மணி நேரம் நடந்தால் பூங்கா. அவளிடம் ஒரு தடித்த பதிவேட்டைக் கொடுத்தார்கள். தொடக்க இருப்பு, பிறப்பு, வரவு, இழப்பு, அனுப்பியது, இறுதி இருப்பு என்று ஆறு கட்டம். ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் இயக்குநர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். இதைவிட எளிமையான வேலை உலகத்தில் இருக்க முடியாது என்று மெட்டில்டா நினைத்தாள்.

முதல் வாரமே ஒரு மயில் செத்தது. அவள் இழப்புக் கட்டத்தில் 'மயில், ஆண், 1' என்று எழுதிக் கையெழுத்துக்கு எடுத்துப்போனாள். இயக்குநர் சாம்பசிவன் சந்தனக் கலர் சஃபாரி உடையில், மேஜைமேல் இருந்த கண்ணாடிப் புலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதிவேட்டைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. அது மயிலுக்கான வாட்டம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"ஒரு வருஷத்துக்கு இழப்பு இத்தனை சதவீதத்துக்கு மேல போகக் கூடாதும்மா. டிசம்பர்லயே அளவு முடிஞ்சுபோச்சு. இனிமே சாகறது எதுவா இருந்தாலும் ஏப்ரல் ஒண்ணாம் தேதிதான் சாகணும்" என்றார்.

அதுவரைக்கும் மயில் எங்கே இருக்கும் என்று அவள் கேட்டாள். கால்நடை மருத்துவர் ஸ்ரீநிவாசன் அவளை ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு கூழைக்கடாக்கள், ஒரு மலைப்பாம்பு, ஒரு முள்ளம்பன்றி எல்லாம் வரிசையாக ஏப்ரலுக்குக் காத்திருந்தன. பெட்டிமேல் 'நிலுவை' என்று தாள் ஒட்டியிருந்தது. மருத்துவர் கூச்ச சுபாவம் உள்ளவர். மயிலை உள்ளே வைத்துவிட்டு, இவையெல்லாம் அரசுப் பதிவுகளின்படி நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பதாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சாவுக்குத்தான் இந்தக் கெடுபிடி, பிறப்பு சந்தோஷமான விஷயம், அதற்கு யார் தடை சொல்லப் போகிறார்கள் என்று மெட்டில்டா தன்னைத் தேற்றிக்கொண்டாள். பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை, நீர்யானைக் காப்பாளர் சுப்பராயலு மூச்சிரைக்க ஓடி வந்து அவள் மேஜைமுன் நின்றார். ஐம்பத்திரண்டு வயது, இருபத்தாறு வருஷமாக அதே நீர்த்தொட்டி, அதே பெருக்குமாறு. சிரிப்பை அடக்க முடியாமல் அவர் மீசை ஆடிக்கொண்டிருந்தது.

"மேடம், நம்ம தாமரை கன்னு போட்டுகீது. பொட்டக் கன்னு. இப்பதான் பாத்துட்டு ஓடியாறேன். தண்ணிக்குள்ளயே பால் குடிச்சிக்கினு கீது, பாக்கக் கண்ணு பத்தாது."

மெட்டில்டா அவருடன் போய்ப் பார்த்தாள். தாமரை என்ற அந்தப் பிரம்மாண்டமான நீர்யானையின் விலாவோரம், கறுப்பு ரப்பரில் செய்தது போல ஒரு குட்டி மூழ்குவதும் மூச்சுக்கு மேலே வருவதுமாக இருந்தது. காதுகளை விசிறித் தண்ணீரைச் சிதறடித்தது. பதினோரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான பிறப்பு எழுதியும் பிறந்த ஒன்றைச் சுடச்சுடப் பார்த்தது அவளுக்கு இதுதான் முதல் தடவை. அலுவலகத்துக்குத் திரும்பி, தன் கையெழுத்திலேயே மிக அழகானதைத் தேர்ந்தெடுத்து எழுதிக்கொண்டு இயக்குநரிடம் போனாள்.

சாம்பசிவன் சந்தோஷப்பட்டார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு நிர்வாகத் தத்துவத்தை விளக்கினார்.

"ஒரு இழப்புச் செய்தி வெளிய போனா, கூடவே ஒரு பிறப்புச் செய்தி போகணும். அப்பதான் ஜனங்க மனசு பேலன்ஸா இருக்கும். மான் செத்தா மான்குட்டி போதும், அது எப்பவும் ஸ்டாக்ல இருக்கு. ஆனா நீர்யானைக் குட்டிங்கறது பெரிய ஐட்டம். அதை ஒரு மயிலுக்காக வீணாக்க முடியுமா? நம்ம விக்ரமனுக்கு இருபத்தொரு வயசு ஆகுது. அவன் போற அன்னிக்கு இது பொறக்கட்டும்."

விக்ரமன் என்பது பூங்காவின் மூத்த சிங்கம். மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்றோ நாளையோ என்று இருந்தது. குட்டியின் பிறப்பு தன் மரணத்துக்காகக் காத்திருக்கிற விஷயம் எப்படியோ அதன் காதுக்கு எட்டிவிட்டது போல, மறுநாளே அது நான்கு கிலோ மாட்டிறைச்சி தின்றது. அடுத்த வாரம் ஆறு கிலோ. சாம்பசிவன் தினமும் காலையில் சிங்கக் கூண்டுக்கு நேரில் போய் உடல்நிலை விசாரிப்பார். ஒரு மிருகத்தின்மேல் இவ்வளவு அக்கறையுள்ள அதிகாரியைப் பார்த்ததில்லை என்று பார்வையாளர்கள் பேசிக்கொண்டார்கள். சிங்கம் ஒருநாள் அவர் முகத்துக்கு நேராகக் கர்ஜித்தது. அதை அவர் தனிப்பட்ட அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு சாப்பிடும்போது ஜீவரத்தினம், குட்டி பிறந்திருக்கிறதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றார். பிறந்திருக்கிறது, ஆனால் இன்னும் பிறக்கவில்லை என்றாள் மெட்டில்டா. கணக்கு வாத்தியார் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றினார்.

குட்டியோ தன் நிர்வாக நிலைமை தெரியாமல் வளர்ந்தது. நீர்த்தொட்டியைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டி 'பராமரிப்புப் பணி' என்று எழுதிவைத்தார்கள். துணியில் ஓட்டை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஓட்டை வழியாக இரண்டு தலையைப் பார்த்துக் கூச்சல் போட்டது. திங்கட்கிழமை இயக்குநர் உத்தரவின் பேரில் ஒரு புதிய பலகை வந்தது: 'அன்பான பார்வையாளர்களே, நீரில் தெரியும் இரண்டாவது தலை பிரதிபலிப்பு ஆகும்.' நாவலூரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் பலகையை இரண்டு முறை படித்துவிட்டு, பிரதிபலிப்பு மட்டும் கரையேறிப் புல் மோந்துகொண்டிருக்கிறதே என்று சுப்பராயலுவிடம் கேட்டார். வெயில் நேரத்தில் அப்படித்தான் தெரியும் சார் என்று சுப்பராயலு சொல்லி அனுப்பினார். சொல்லிவிட்டு மெட்டில்டாவிடம் வந்து, இருபத்தாறு வருஷ சர்வீஸில் முதல் முறையாகப் பொய் சொன்னதாகச் சங்கடப்பட்டார்.

இதற்குமேல் தாங்காது என்று மெட்டில்டா முறைப்படி ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினாள். பிப்ரவரி 11 அன்று பிறந்த நீர்யானைக் குட்டியைப் பதிய அனுமதி வேண்டும் என்று. நான்கு நாளில் கோப்பு திரும்பியது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே வரி: 'முன் அனுமதியின்றிப் பிறப்பு நிகழ்ந்தது எப்படி? காப்பாளரிடம் விளக்கம் பெறுக.'

குறிப்பாணை சுப்பராயலுவுக்குப் போனது. அவர் அதை மெட்டில்டாவிடம் கொண்டுவந்து, படித்துக் காட்டச் சொல்லி, நிதானமாகக் கேட்டார்.

"நான் இன்னாத்த மேடம் வெளக்கம் சொல்றது? அத்தோட அப்பனைத்தான் கேக்கணும். அவனையும் போன ஜூலைல வேற ஊருக்கு மாத்தி உட்டாங்க."

ஆண் நீர்யானை இடமாற்றத்தில் போனது உண்மை. அவள் அதையே விளக்கமாக எழுதினாள். பதில் இன்னும் வேகமாக வந்தது: 'இருப்பில் இல்லாத ஆணுக்குக் குட்டி பிறந்ததாகக் கூறுவது ஏற்கத்தக்கதல்ல. கோப்பு முடிக்கப்படுகிறது.' மெட்டில்டா அந்த வரியை மூன்று முறை படித்தாள். ஒரு நீர்யானையின் கற்பின் மேல் அரசாங்கம் சந்தேகப்படுவதை அவள் அதற்குமுன் கண்டதில்லை.

மார்ச் இருபத்தேழாம் தேதியோடு வேடிக்கை முடிந்தது. வெளிமாநிலப் பூங்கா ஒன்றுடன் விலங்குப் பரிமாற்றம். வருஷத்துக்கு இத்தனை விலங்கு அனுப்ப வேண்டும் என்ற இலக்கில் ஒன்று குறைகிறது, முப்பத்தொன்றாம் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும். உத்தரவில் இப்படி இருந்தது: 'நீர்யானை, பெண், தாமரை, 1. குட்டி இல்லை.' கீழே சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது. பால் குடிக்கும் குட்டியுள்ள தாயை இடம் மாற்றக் கூடாது.

மெட்டில்டா எழுந்து நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். தாமரை போய்விட்டால் குட்டி பாலில்லாமல் செத்துவிடும் என்றாள்.

சாம்பசிவன் அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு ரொம்பப் பரிவாக, "இல்லாத குட்டிக்கு எப்படிம்மா பால் நின்னுபோகும்? ரெக்கார்டைப் பாரு. அதுல யாரும் பால் குடிக்கல" என்றார். பிறகு, தாமரையை ஏற்றுகிற நேரத்தில் குட்டியைத் தீவன அறையில் அடைத்துவைக்கச் சொல்லியிருப்பதாகவும், புட்டிப்பாலில் ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தால் பெரிய விழாவாக எடுத்துப் பெயர் சூட்டலாம் என்றும் சொன்னார். தாக்குப்பிடிக்காவிட்டால் என்று அவள் கேட்டாள். பிறக்காதது இழப்புக் கணக்கில் வராது, கவலைப்படாதே என்றார்.

வெளியே வந்தபோது சுப்பராயலு சுவர் ஓரம் குந்தியிருந்தார். குட்டியை அடைக்க அவருக்கு முந்தின நாளே வாய்மொழி உத்தரவு வந்திருந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை, வூட்டில் சோறு இறங்கவில்லை என்றார். மெட்டில்டா அவர் பக்கத்தில் நின்று சற்று நேரம் யோசித்தாள். பதினோரு வருஷம் அரசாங்கத்தில் இருந்தவளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வாயால் சொன்ன உத்தரவுக்கு வாயால் கீழ்ப்படிந்தால் போதும்.

"அண்ணா, குட்டியை அடைக்கச் சொன்னதை எழுத்துல கேளுங்க. எழுதிக் குடுத்தா அடைச்சுடறேன்னு மரியாதையா சொல்லுங்க. அவ்வளவுதான்."

சுப்பராயலு கேட்டார். மூன்று நாளில் மூன்று முறை கேட்டார். இல்லாத குட்டியை அடைக்கச் சொல்லி எழுதித்தர இயக்குநரால் முடியவில்லை. அவர் கோபப்பட்டார், கத்தினார், ஆனால் எழுதவில்லை.

முப்பதாம் தேதி காலை லாரி வந்தது. அதோடு வந்த அதிகாரி ஜெர்சன், நாகர்கோவில்காரர், அந்த வெளிமாநிலப் பூங்காவில் வேலை பார்ப்பவர். சாந்தமான மனிதர். சுப்பராயலு அந்த மூன்று நாளும் தாமரையைப் பயணக் கூண்டுக்குள் தர்பூசணி வைத்துப் பழக்கியிருந்தார். பத்தரை மணிக்கு அது தன் பாட்டுக்கு ஆடி அசைந்து கூண்டுக்குள் போனது. அதன் பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், குட்டியும் போனது. யாரும் தடுக்கவில்லை. தடுக்க எழுத்துப்பூர்வமான உத்தரவு எதுவும் இல்லை.

கிரேன் கூண்டைத் தூக்கி லாரியில் வைத்தது. லாரி பிரதான வாயிலுக்கு வந்து நின்றது. ஜெர்சன் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுபடியும் எட்டிப் பார்த்தார். தாளில் ஒன்றுதானே இருக்கிறது என்று மெட்டில்டாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

தான் செய்வது சரியாக வராவிட்டால், குட்டி தாயோடு எழுநூறு கிலோமீட்டர் ஆடிக்கொண்டே போக வேண்டியிருக்கும் என்பது மெட்டில்டாவுக்குத் தெரியும். ஆனாலும் தாயோடு போகும்.

"பதிவேட்டுல ஒண்ணுதான் சார் இருக்கு. அதுக்கு மேல கூண்டுக்குள்ள எது இருந்தாலும் அது எங்களுது இல்ல" என்றாள்.

ஜெர்சன் முகம் மலர்ந்தது. இந்த மாதிரி தாராளமான பூங்காவை அவர் எங்கும் பார்த்ததில்லை. மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதத் தொடங்கினார்.

அந்த நேரம் சாம்பசிவன் பச்சைக்கொடியும் மாலையுமாக வாசலுக்கு வந்தார். கொடி அசைத்து லாரியை வழியனுப்பும் படம் எடுக்க ஆளும் வந்திருந்தது. கொடியைத் தூக்கியவர், கம்பிகளுக்கு நடுவில் ஒரு சின்ன மூக்கு புஸ்ஸென்று நீர் தெளித்ததைப் பார்த்தார். கொடி பாதியில் நின்றது.

"குட்டியை இறக்குங்க" என்றார்.

"எந்தக் குட்டி சார்?" என்றார் ஜெர்சன். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. உத்தரவை எடுத்து, 'குட்டி இல்லை' என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். கீழே இருந்த பச்சைக் கையெழுத்தையும் காட்டினார்.

விழா, பெயர் சூட்டல், பத்திரிகைப் படம், ஒன்றரை மாதமாக ஸ்டாக்கில் வைத்திருந்த பெரிய ஐட்டம், எல்லாம் சாம்பசிவனின் கண்ணெதிரே பக்கத்து மாநிலத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் கொடியைக் கீழே போட்டுவிட்டு, அது எங்க குட்டிதான், நான் சொல்றேன் இல்ல என்றார். ஜெர்சன் வருத்தத்தோடு, அப்படியென்றால் பிறப்புப் பதிவைக் காட்டுங்கள், உடனே இறக்கித் தருகிறேன் என்றார்.

மெட்டில்டா பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். லாரியின் முன்பக்கத்தில் விரித்துவைத்து, 'நீர்யானை, பெண் குட்டி, 1' என்று எழுதிப் பேனாவை நீட்டினாள். தேதிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள். பிப்ரவரி 11 என்று எழுதவா சார் என்று மரியாதையாகக் கேட்டாள். அப்படி எழுதினால் நாற்பத்தேழு நாள் எங்கே போனது என்று தலைமையகம் கேட்கும் என்பது இயக்குநருக்குத் தெரியாமல் இல்லை. அவர் பேனாவை வெடுக்கென்று பிடுங்கி, தன் கையாலேயே எழுதினார்: 'மார்ச் 30, முற்பகல் 11.20. பிறந்த இடம்: பிரதான வாயில்.' பச்சை மையில் கையெழுத்தும் போட்டார்.

மை காயும்வரை ஜெர்சன் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு உத்தரவின் அடியிலிருந்த சிறிய எழுத்தைச் சத்தமாகப் படித்தார். பால் குடிக்கும் குட்டியுள்ள தாயை இடம் மாற்றக் கூடாது. குட்டி இப்போது பிறந்துவிட்டபடியால் தன்னால் தாயையும் ஏற்றிக்கொள்ள முடியாது என்றார். குரலில் உண்மையான ஏமாற்றம் இருந்தது.

லாரி நீர்த்தொட்டிக்குத் திரும்பிப் போய்க் கூண்டை இறக்கியது. சுப்பராயலு யார் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் கம்பி வழியாகத் தாமரையின் மூக்கைத் தடவிக்கொண்டே நின்றார். இலக்குக் குறையக் கூடாது என்பதற்காக இயக்குநர் அந்த லாரியில் பதினாறு வாத்துகளை ஏற்றி அனுப்பினார். அதனால் அந்த வருஷம் பூங்கா இலக்கைவிடப் பதினைந்து விலங்குகள் கூடுதலாக அனுப்பியது. பாராட்டுக் கடிதம் ஒன்றும் வந்தது.

அன்று மாலை மருத்துவர் ஸ்ரீநிவாசன் விதிப்படி புதிதாகப் பிறந்த குட்டியை எடை போட்டார். தொண்ணூற்றாறு கிலோ. அவருக்கு நிலுவை இல்லாத உயிரோடு பழக்கம் விட்டுப்போயிருந்ததோ என்னவோ, யோசிக்காமல் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். சாதாரணமாக நீர்யானைக் குட்டி பிறக்கும்போது அதில் பாதிகூட இருக்காது. 'பிறந்த அன்றே தொண்ணூற்றாறு கிலோ' என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. குட்டி பிறந்து ஒரு மணி நேரத்தில் ஓடியதாகவும், புல்லை மோந்து பார்த்ததாகவும், தர்பூசணியை அடையாளம் கண்டதாகவும் பெட்டிச் செய்திகள். சாம்பசிவன் இரண்டு கருத்தரங்குகளில் பேசினார். இந்தச் சாதனைக்குக் காரணம் நிர்வாகமும் தாவரத் தீவனமும் சரிபாதி என்றார்.

சாதனை தலைமையகத்தை உறுத்தியது. மூன்று பேர் கொண்ட குழு ஒன்று விசாரிக்க வந்தது. குழு வருவதற்கு முந்தின நாள் சாம்பசிவன் மெட்டில்டாவைக் கூப்பிட்டு, தட்டச்சு செய்த ஒரு தாளைக் காட்டினார். குட்டி மார்ச் முப்பதுக்கு முன்பே பிறந்தது என்று யாராவது சொன்னால், அதை மறைத்துவைத்த குற்றம் காப்பாளருடையது என்றார். சுப்பராயலுவின் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு அது. தேதி மட்டும் போட வேண்டும். முடிக்கப்பட்ட அந்தப் பிப்ரவரிக் கோப்பும் அவர் மேஜை அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டிருந்தது.

அந்த இரவு மெட்டில்டா சரியாகத் தூங்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஒருவர் சோற்றில் மண். பொய் சொன்னால் பதினோரு வருஷம் காப்பாற்றியது போய்விடும். காலையில் ஜெபம் பண்ணிவிட்டு பஸ் ஏறினாள். பஸ்ஸிலும் அதே யோசனைதான்.

குழுத் தலைவர் தடித்த கண்ணாடி போட்ட, அலுப்படைந்த மனிதர். பதிவேட்டைப் புரட்டினார். இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். சுப்பராயலு கதவோரம் கைகட்டி நின்றார்.

"இந்தக் குட்டி மார்ச் முப்பதாம் தேதி மெயின் கேட்டுல பொறந்ததுன்னு இருக்கு. நீங்க அங்க இருந்தீங்களாம்மா? பொறந்ததை உங்க கண்ணால பாத்தீங்களா?" என்று தலைவர் கேட்டார்.

மெட்டில்டா நிமிர்ந்து நின்றாள்.

"பாத்தேன் சார். டைரக்டர் சார் பச்சை மையில கையெழுத்துப் போட்டப்ப நான் பக்கத்துலயேதான் இருந்தேன். போட்டு முடிச்சதும் பொறந்துடுச்சு."

சாம்பசிவன் அவளைப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினார். தலைவர் மற்ற இரண்டு உறுப்பினர்களையும் பார்த்தார். இருபத்தைந்து முப்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்தவர்கள் அவர்கள். எல்லாப் பிறப்பும் அப்படித்தான் நிகழும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சிக்கல் எதுவும் ஏற்பட்டதா என்று மட்டும் தலைவர் கேட்டார். இல்லை என்றாள்.

தலைவர் குனிந்து, குறிப்புக் கட்டத்தில் 'சுகப்பிரசவம்' என்று எழுதிக்கொண்டார்.